நடந்து செல்வார்க்கும் வழி வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் அவர்கள் எம்மைப் பணித்தனர். தமிழ்ப் பண்டிதரென்று பெயர் பெற்றாரை அழைத்தால் அவர் திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ எடுத்துப் பேசுவர் என்று அவையோர் எண்ணுதல் இயல்பே. யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைச் சிறப்புடையதன்று. நம் வீட்டு வாயிற்படியினின்று இறங்கியவுடன் காலில் படுவது. அது தெரு. நம் நகரத்துத் தெருக்களில் நடந்து செல்வார்க்கும் சைக்கிளிற் செல்வார்க்கும் அஞ்சாது செல்லத்தக்க வழி வேண்டும் என்பதும், அவ்வழியைப் பெறுதற்கு நாம் முயலவேண்டும் என்பதும் எமது விண்ணப்பம்.

தெரு என்பது தமிழர்க்குப் புதியதொன்றன்று. தெரு, மறுகு, வீதி, ஆவணம், சந்து, முடுக்கு என இதற்கு நம் மொழியிலுள்ள பெயர்கள் பல. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி அந்நகரத்துத் தெருக்களையும் நாளங்காடி அல்லங்காடிகளையும் விரித்துரைக்கின்றது. அங்கே தேரும் யானையும் இல்லாமலில்லை. எனினும் தெருவை நிறைத்து நிற்போர் நடந்து திரியும் மக்களே. அம்மதுரையிலேயே ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூலவீதி, மாசி வீதி எனத் திங்களின் பெயரால் வழங்கும் வீதிகள் ஒன்றனை ஒன்று சூழ்ந்து கிடத்தலை அனைவரும் அறிவர். இறைவன் எழுந்தருளவும், அவனைத் தொழுவார் உடன் நடந்து செல்லவும் அமைந்த வீதிகள் அவை. காலால் நடப்பவனே தெருவின் உரிமையாளன், வண்டி அங்கு வந்து போகும் விருந்து என்பதே பண்டை முறை.

இன்று அம்முறை தலைகீழாயிற்று. விருந்தாய் வந்த வண்டி வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டது. நம் நகரத்துப் பெருந்தெரு ஒன்றில் காற்கல் தொலைவு நடந்து பாருங்கள். நடைபாதை எனப் பெயரளவில் ஒன்றிருக்கும். அதன்மேல் ஓரிடத்தில் மின்மாற்றி நிற்கும். ஓரிடத்தில் மூடியில்லாத சாக்கடை வாய் திறந்திருக்கும். ஓரிடத்தில் கடைப்பலகையும், ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையும் கிடக்கும். முதியோர் ஏறமுடியாத உயரத்தில் அது தொடங்கும். பத்தடி சென்றதும் அற்றுப்போகும். ஆதலின் மக்கள் அதனைக் கைவிட்டுச் சாலையின் ஓரத்தில் இறங்கி நடக்கின்றனர். நடைபாதையிருக்கவும் இவர்கள் சாலையில் நடக்கின்றனரே என்று காரில் வருபவர் சினந்து ஊதுகுழலை அழுத்துகின்றார்.

இது வசதிக்குறைவு மட்டுமன்று, உயிர் பற்றியது. இந்திய அரசினர் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் விபத்தால் மாண்டவர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குக் கணக்கிடின் ஏறக்குறையத் தொண்ணூறு பேர். ஓர் ஊரில் ஒரே நாளில் தொண்ணூறு பேர் கொள்ளைநோயால் மாண்டனரெனின் நாடு முழுதும் நடுங்கும். நாள்தோறும் சிதறிச் சிதறி நிகழ்தலின், இதனை நாம் விதியென்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கின்றோம்.

விதி என்பது எத்துணைப் பொருந்தும் என்பதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மாணாக்கர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் கார் ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேலும், 50 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டரும் கடக்கும். குழந்தையொன்று குறுக்கே ஓடிவரக் கண்ட ஓட்டுநர்க்கு, கண்டதை உணர்ந்து காலைத் தடையின்மேல் வைக்க ஒரு நொடியேனும் ஆகும். உலர்ந்த சாலையில் தடை நன்கு பற்றினால், 30 கிலோமீட்டர் விரைவிலிருந்த கார் மேலும் ஏறக்குறைய 5 மீட்டரில் நிற்கும். ஆகக் கூடி 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் விரைவிலிருந்த காரோ அந்த 14-ஆம் மீட்டரில்தான் தடையை அழுத்தவே தொடங்கும். குழந்தை 14 மீட்டர் தொலைவில் இருந்ததாயின், முதற் கார் அதன்முன் நின்றிருக்கும். இரண்டாங் கார் சற்றும் விரைவு குறையாமல் அதன்மேல் மோதியிருக்கும். அக்குழந்தையின் சாவுக்கு விதியைக் காரணங் கூறுதல் தகுமோ? வழியை எவ்வாறு அமைத்தோம், விரைவை எவ்வளவு அனுமதித்தோம் என்பனவன்றோ அதனை முடிவு செய்தன?

"சாலையும் சாக்கடையும் மாநகராட்சியின் வேலை, ஒரு சாதிச் சங்கத்திற்கும் இதற்கும் யாது தொடர்பு?" என அன்பர் சிலர் வினவலாம். தக்க வினாவே. தெருவில் நடத்தல் என்பது இந்நாட்டில் சாதியோடு நெருங்கிய தொடர்புடையதாகவே இருந்தது என்பதே எமது விடை. வைக்கத்து மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டார் நடத்தலாகாது என்ற தடையை எதிர்த்து 1924-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெரியார் ஈ. வெ. இராமசாமி அங்குச் சென்று சிறைப்பட்டார். 1925-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அப்போர் ஓய்ந்தது. கோயிலினுள் நுழையும் உரிமைக்கன்று, வெளியே தெருவில் நடக்கும் உரிமைக்கே இருபது திங்கள் போராட வேண்டியிருந்தது. அதே 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில், பொதுத்தெருக்களும் பொதுக்கிணறுகளும் எல்லார்க்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானங் கொணர்ந்து நிறைவேறச் செய்தார்.

அந்நாளில் நம் முன்னோர் எப்பக்கம் நின்றனர் என்று ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. சில ஊர்களில் தடுக்கப்பட்டாராகவும் சில ஊர்களில் தடுத்தாராகவும் இருந்திருப்பர். தெரு எல்லார்க்கும் பொது என்ற அறம் எளிதிற் கிடைத்ததன்று என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுவோம். அவ்வாறு பெற்ற தெருவில் இன்று யார் நடக்கின்றனர்? கார் வாங்க இயலாத கூலியாள், வீட்டுவேலை செய்யும் அம்மையார், அரசுப் பள்ளிச் சிறுவர், கோல் ஊன்றிய முதியவர். இவர்களை ஓரத்திற்குத் தள்ளும் தெரு பெயரளவிலே பொதுத் தெரு. குலத்தால் விலக்கியதை நாம் சட்டத்தால் நீக்கினோம். பொருளால் விலக்குவதைக் கண்டும் வாளா இருத்தல் முறையாகாது.

இனி, இந்நிலை மாறுமா என்று ஐயுறுவார்க்கு ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லுவோம். ஒல்லாந்து எனப்படும் நெதர்லாந்து தேயத்தைப்பற்றிப் பேசுவோர், "அங்குள்ளார் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தவர், நமக்கு அது பொருந்தாது" என்பர். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டிலும் கார்கள் பெருகின, சாலைகள் அகன்றன, நகரத்துப் பழந்தெருக்களும் சதுக்கங்களும் கார் நிறுத்தும் இடங்களாயின, சைக்கிளில் செல்வோர் ஆண்டுதோறும் குறைந்தனர். 1971-ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் மாண்டவர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் குழந்தைகள் மட்டும் நானூற்றுக்கு மேல்.

தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்கோப் என்னும் பத்திரிகையாளர், 1972-ஆம் ஆண்டில் தாம் பணியாற்றிய நாளேட்டில் 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தையரும் மாணாக்கரும் தெருவில் இறங்கினர். தெருக்களை மறித்துக் குழந்தைகளை அங்கே விளையாடச் செய்தனர். அமைச்சரிடம் சென்று முறையிட்டனர். 1973-ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது அரசினர் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுதலைத் தடுத்தனர். அந்நாட்களில் மக்கள் வெறுந்தெருவைக் கண்டனர். தம் நகரம் எவ்வாறு இருத்தல் கூடும் என்பதனைத் தம் கண்ணாலேயே கண்டனர். 1975-ஆம் ஆண்டில் சைக்கிள் ஓட்டுவோர்க்கென ஒரு சங்கம் தோன்றியது. ஊர்தோறும் கிளைகள் அமைத்து, எம்முனையில் இடர், எத்தெருவில் இடைஞ்சல் என்று கணக்கெடுத்து நகராட்சிகளின்முன் வைத்தல் அதன் தொழில். 1976-ஆம் ஆண்டில், குடியிருப்புத் தெருவிற் கார் நடைவேகத்திலேயே செல்லவேண்டும் என்னும் முறை அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

குரோனிங்கன் என்னும் நகரத்தில் நிகழ்ந்தது நம் சங்கத்து வணிகப் பெருமக்கள் கேட்கவேண்டியது. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரத்தின் நடுப்பகுதியை நான்கு கூறாகப் பகுத்து, ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றுக்குக் கார் நேரே செல்லாதபடி செய்தனர். காரில் வருவோர் வெளிவட்டச் சாலைக்குச் சென்று சுற்றியே வரவேண்டும். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் நேரே செல்லலாம். கடைக்காரர் பலர் வாணிகம் கெடுமென்று கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அம்முறை நிலைத்தது. நகரத்து நடுவிடம் பாழ்படவில்லை. ஐரோப்பாவிலேயே சைக்கிள் மிகுதியாக ஓடும் நகரங்களுள் ஒன்றாக அது இன்று விளங்குகின்றது.

2023-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் சாலையில் மாண்டவர் 684 பேர். இடையில் மக்கட்டொகை ஒரு கோடியே முப்பது இலட்சத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது இலட்சமாகப் பெருகியிருந்தும் சாவு நாலில் ஒரு பங்குக்கும் குறைந்தது. இக்குறைவு முழுதும் சைக்கிள் வழிகளாலேயே விளைந்தது என்று கூறோம். இருக்கைக் கச்சும், சிறந்த மருத்துவமும், திருந்திய வண்டிகளும் தத்தம் பங்கைச் செய்தன. ஆயினும் வழியைத் திருத்தியது தலையாய காரணங்களுள் ஒன்று. அவ்வழியைக் கேட்டுப் பெற்றவர் அரசியல் தலைவரல்லர், சாதாரண மக்கள்.

நம் தமிழகத்திலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஊக்கத்தால் எழுத்துக் கற்கும் பெண்கள் சைக்கிளும் கற்றனர். பல்லாயிரம் கிராமப் பெண்கள் பிறர் கையை எதிர்பாராது தாமே சந்தைக்கும் வேலைக்கும் சென்றுவர வல்லாராயினர். பின்னர் 2001-ஆம் ஆண்டுமுதல் தமிழக அரசினர் பள்ளி மாணாக்கியர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கிப் பிறகு அதனைப் பதினொன்றாம் வகுப்பு மாணாக்கர்க்கு விரித்தனர். ஆசிரியத் தொழிலுடைய யாம் அதன் பயனை ஆண்டுதோறும் காண்கின்றோம். சைக்கிள் கிடைக்கும் நாளில் மாணாக்கர் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சி பெரிது. ஆனால் அந்நாள் மாலையே சில பெற்றோர் வந்து, "ஐயா, வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்துவிடுகிறோம், அந்தப் பெருஞ்சாலையிற் பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை" என்கின்றனர். அவர் அச்சத்தைப் பழித்தற்கில்லை. கையிற் சைக்கிள் கொடுத்தோம். காலுக்கு வழி கொடுத்திலோம்.

சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டில், இயந்திரமில்லாப் போக்குவரவுக்கென ஒரு கொள்கையை வகுத்தது. இந்திய நகரங்களுள் இவ்வாறு முதலில் வகுத்தவற்றுள் அஃது ஒன்று. தியாகராய நகரத்துப் பாண்டி பசாரில் நடைபாதைகளை மிக அகலமாக்கி 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறந்தனர். குழந்தையைக் கைப்பிடித்து நடக்கவும் களைத்தால் அமரவும் அங்கே இடமுண்டு.

எல்லாவற்றினும் நம் நெஞ்சிற் பதியத்தக்கது ஒரு தனி மனிதரின் முயற்சி. கோயமுத்தூரில் எலும்பு மருத்துவராகிய எஸ். இராசசேகரன் அவர்கள் சாலையில் அடிபட்டு வருவாரை நாள்தோறும் கண்டவர். அவர் 2012-ஆம் ஆண்டில் சாலைப் பாதுகாப்பு வேண்டி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதன்பொருட்டு ஒரு குழுவை அமைத்தது. அவ்வழக்கிலேயே 2025-ஆம் ஆண்டு மே திங்கள் 14-ஆம் நாள், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு அளிக்கும் உயிர்வாழும் உரிமையைச் சார்ந்தது என உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், நடப்போர்க்கான விதிகளை ஆறு திங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. ஒருவர் எழுதிய விண்ணப்பம் பதின்மூன்று ஆண்டு கழித்து இந்நாட்டில் நடப்பார் அனைவர்க்கும் பயன் தந்தது. விரைந்து கிடைக்கவில்லையே என்று அவர் விட்டிருந்தால் இவ்வாணை ஏது?

இனித் தடைகளாகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். கடைமுன் வண்டி நிறுத்த இடமில்லையேல் வாணிகம் கெடும் என்பர். ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை பேர் நடந்துவந்து கடையினுள் நுழையக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். நம்மவர் கடைகளில் பெரும்பாலனவற்றின் முன் நாள் முழுதும் நிற்கும் வண்டி வாங்குவோர் வண்டியன்று. கடை முதலாளியின் வண்டியே. தெருவோர வணிகரைத் துரத்தினாலொழிய நடைபாதை கிடைக்காது என்பர் சிலர். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேழை வணிகர்க்கும் உரிமை கொடுத்து, இடம் வகுக்கக் குழு அமைக்கச் சொல்லுகின்றது. அளந்து இடங்கொடுத்தால் இருவர்க்கும் இடமுண்டு. நடப்பவரும் கூடைக்காரியும் பகைவரல்லர். இருவரையும் நெருக்குவது நிறுத்திவைத்த காரே. நம் நாட்டு வெயிலில் யார் நடப்பார் என்பர் வேறு சிலர். வெயிலுக்கு மருந்து மரம். சாலையை அகலமாக்குவதற்கென்று வெட்டிய மரங்களை மீண்டும் வைத்தல் நம் கையிலுள்ளதே.

ஆதலின் நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, நம் வீட்டுக் குறையை நாமே களைதல். நம் சங்கத்துக் கலியாண மண்டபத்தில் முகூர்த்த நாட்களிற் பந்தலும் வரவேற்பு வளைவும் நடைபாதையின்மேல் ஏறி நிற்கின்றன; மின்னாக்கிப் பொறி பாதையின் குறுக்கே கிடக்கின்றது; விருந்தினர் வண்டிகள் இருமருங்கும் வழியை அடைக்கின்றன. மணமக்களை வாழ்த்த வந்த நாம், அவ்வழியே செல்லும் ஏழைப் பெண்ணைச் சாலை நடுவே தள்ளுதல் மங்கலமாகுமா? நம் இடத்தைச் செவ்வை செய்த பின்னரே பிறரைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

இரண்டாவது, அளத்தல். இந்தியச் சாலை மாநாட்டார் 2012-ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, நடைபாதையில் தடையின்றி நடக்கும் இடம் 1.8 மீட்டரேனும் இருக்கவேண்டும். அதன் உயரம் 150 மில்லிமீட்டரை மிகலாகாது. நம் இளைஞர் பத்துப்பேர் இருவர் இருவராய்ப் பிரிந்து அளவுநாடாவோடு சென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் வட்டாரத்துத் தெருக்களை அளந்து முடிக்கலாம். எங்கே பாதை அறுகின்றது, எங்கே சாக்கடை திறந்திருக்கின்றது, எப்பள்ளியின் முன் கடக்கும் கோடில்லை என்று பட்டியல் எழுதுக. "வழி சரியில்லை" என்னும் புலம்பலுக்கு அதிகாரிகள் செவிசாய்ப்பதில்லை; "இன்ன வீட்டெண்ணுக்கு எதிரில் பாதையின் அகலம் 60 சென்டிமீட்டர்" என்று எழுதினால் விடை கூறியே தீரவேண்டும்.

மூன்றாவது, அப்பட்டியலை உரிய அவையில் வைத்தல். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நம் மாநிலத்து நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதிச் சபையும் அமைந்துள்ளன. அங்குச் சென்று பேச நமக்கு உரிமையுண்டு. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். விடை வாராவிடின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வினவலாம். நான்காவது, இம்முயற்சியை நம் குலத்தார் அளவில் நிறுத்தாமல், அண்டைத் தெருவிலுள்ள எல்லாச் சமூகத்தாரையும், தெருவோர வணிகரையும், பார்வையற்றோரையும், சக்கர நாற்காலியிற் செல்வாரையும் உடன் அழைத்துச் செல்லுதல். தெரு பொதுவாதலின் அதற்கான முயற்சியும் பொதுவாகவே இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, நாமும் நடத்தல். அரைக்கல் தொலைவிலுள்ள கடைக்கும் மோட்டார் வண்டியை எடுக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. நடப்பவனே வழியின் குறையை அறிவான், அறிந்தவனே கேட்பான். ஊர்ப் பெரியவர்கள் நடந்து செல்லத் தொடங்கினால் நடைபாதையின் குழியும் தானே கண்ணிற் படும்.

அன்பர்களே! நம் சங்கம் கல்விக்கு உதவிப்பணம் கொடுக்கின்றது. அதனை யாவரும் போற்றுகின்றனர். அவ்வுதவி பெறும் பிள்ளை பள்ளிக்கு உயிரோடு சென்று உயிரோடு திரும்புதற்கு வழி வேண்டாமா? ஆதலின், மண்டபத்தின் முன்னுள்ள நடைபாதையை ஒருபொழுதும் மறிப்பதில்லை என்றும், வட்டாரத் தெருக்களை அளந்து பட்டியல் எழுத இளைஞர் குழுவொன்று அமைப்பதென்றும் இக்கூட்டத்திலேயே தீர்மானம் செய்யுமாறு அவைத் தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம். அளவுநாடா எம் பள்ளியில் உண்டு. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதனை எடுத்துக்கொண்டு மண்டப வாயிலில் யாம் நிற்போம். உடன் வர இசைவோர் காரியதரிசியாரிடம் இன்றே பெயர் கொடுத்துச் செல்க.